பிடிக்கிற இடத்தில் எண்ணெய்

பெக்கோக்கிலிருந்து ஒரு வாசகர் கடிதம் எழுதியிருக்கிறார். நல்ல கையெழுத்து. இந்தத் தொடரை முதல் வாரத்திலிருந்து விடாமல் படிக்கிறாராம். ஜொகூர் பாருவில் நான் கச்சேரி செய்தபோது எடுத்த பழைய படம் ஒன்று அவர் கண்ணில் பட்டிருக்கிறது. அதில் நான் பியானோவின் மூடியைத் தூக்கி, உள்ளே தலையைக் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறேன்.

"வெள்ளைக்காரன் வாத்தியமாக இருந்தாலும் அதையும் சரசுவதியாக நினைத்துக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தீர்களே, அம்மா! அந்தப் பக்தியைப் பற்றி ஒரு வாரம் எழுதுங்கள்" என்று கேட்டிருக்கிறார்.

படித்ததும் வந்த கோபத்தில் கடிதத்தைக் கசக்கிவிட்டேன். பிறகு, பாவம், அவர் என்ன செய்வார் என்று மேசைமேல் வைத்து நீவிவிட்டேன். அவரா கதை கட்டினார்? பத்திரிகையில் வந்ததைப் படித்தார், நம்பினார். இத்தனை வருடமாக எல்லோரும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். என்னைப் பற்றி எழுதும் ஒவ்வொருவரும் அந்தக் கும்பிடுதலில்தான் தொடங்குகிறார்கள். நான் எதை வாசித்தேன் என்பதைக்கூட மறந்துவிடுகிறார்கள், கும்பிட்டதை மறப்பதில்லை.

நான் கும்பிடவில்லை. ஒரு நாளும் கும்பிட்டதில்லை.

என்ன செய்தேன் என்பதைச் சொல்ல வேண்டுமானால் லாயாங் லாயாங் ரயில் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். அதில் ஒருவரைப் பற்றிக் கசப்பாகச் சொல்ல வேண்டியிருக்கும். அவர் செத்துப் பல வருடமாகிறது. செத்தவரைக் குறை சொல்லலாமா என்று அடுத்த வாரம் நாலு பேர் கடிதம் எழுதுவீர்கள். தாராளமாக எழுதுங்கள்.

கேட்பாரற்று வந்த பெட்டி

லாயாங் லாயாங்கில் ஐயா ஸ்டேஷன் மாஸ்டர். அப்பாவை ஐயா என்று கூப்பிடுவது யாழ்ப்பாணத்துப் பழக்கம். நான் பிறந்தது ஜொகூரில் என்றாலும் வீட்டுக்குள் எங்கள் பேச்சு யாழ்ப்பாணத்துப் பேச்சுத்தான். வாசலைத் தாண்டினால் தோட்டத்துத் தமிழ், கடைத்தெருவில் மலாய்.

ஸ்டேஷன் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு நீளக் கூரை, ஒரு தண்ணீர்த் தொட்டி, சரக்குக் கொட்டகை, பின்னால் எங்கள் பலகை வீடு. சுற்றிலும் ரப்பர். மழை பெய்து ஓய்ந்தால் ரப்பர்ப் பாலின் புளித்த வாடை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பக்கத்துத் தோட்டத்துத் துரை ஒருவர் ஊருக்குப் போகும்போது தன் பியானோவைச் சிங்கப்பூருக்கு அனுப்பச் சொல்லிக் கொட்டகையில் இறக்கிவிட்டுப் போனார். அனுப்ப வேண்டிய விலாசம் வரவேயில்லை. அது மாதக் கணக்கில் கோணிச் சாக்குகளுக்கு நடுவே கிடந்தது. கேட்பாரற்ற சரக்குக்கு ரயில்வேயில் ஒரு விதி உண்டு. அந்த விதிப்படி ஐயா அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஆறு பேர் தூக்கி வந்தார்கள். அப்போது எனக்கு ஆறோ ஏழோ வயது.

ஐயா அதை எனக்காகக் கொண்டுவந்தார் என்று ஒருவர் எழுதியிருந்தார். இல்லை. ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டில் பியானோ இருக்கிறது என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்பதற்காகக் கொண்டுவந்தார். அதன்மேல் பூச்சாடி வைத்தார். எறும்பு ஏறாமல் இருக்க, காலுக்கு அடியில் மண்ணெண்ணெய் ஊற்றிய டின்களை வைத்தார். ஈரம் பிடிக்காமல் இருக்க உள்ளே ஒரு துணி முடிச்சில் அடுப்புக்கரி. இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது, எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார். எந்தச் சாமானுக்கு எது ஆகும், எது ஆகாது என்று பார்ப்பதில் அவர் கெட்டிக்காரர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் அதன்முன் உட்கார்ந்தது தற்செயல். எழுந்திருக்காதது தற்செயல் இல்லை. ஜொகூர் பாருவில் கிளேரா டீச்சர் என்று ஓர் இலங்கைப் பறங்கிப் பெண்மணி இருந்தார். கணவர் இல்லை, பிள்ளை இல்லை, கோபம் நிறைய உண்டு. ரயில்வேக் குடும்பத்துக்குப் பாஸ் இருந்ததால் ஒவ்வொரு சனிக்கிழமையும் ரயிலேறி அவரிடம் போவேன், மாலை ரயிலில் திரும்புவேன். பிழையாக வாசித்தால் விரல் மூட்டில் பென்சிலால் அடி விழும். நான் அழுததில்லை. அடுத்த சனிக்கிழமை அந்த இடத்தைச் சரியாக வாசித்துக் காட்டிவிட்டு, பென்சிலையும் அவரையும் ஒரு பார்வை பார்ப்பேன்.

"யெஸ் சார்"

எனக்குப் பதினைந்து வயதிருக்கும். கடலுக்குக் குறுக்கே பாலம் போட்டு, சிங்கப்பூருக்கு ரயிலிலேயே போகலாம் என்று ஆகி ஒன்றிரண்டு வருடம் இருக்கலாம். ரயில்வேயின் பெரிய அதிகாரி ஒருவர் மனைவியோடு சோதனைக்கு வந்தார். ஐயா தேநீருக்கு வீட்டுக்கு அழைத்தார். என்னை வாசிக்கச் சொன்னார். பூச்சாடியை எடுத்து வைத்துவிட்டு வாசித்தேன்.

அந்த அம்மாள் தேநீரைக் குடிக்க மறந்துவிட்டார். வருடத்துக்கு ஒருமுறை சீமையிலிருந்து பரீட்சகர் ஒருவர் சிங்கப்பூருக்கு வருகிறார், அவர் நல்லபடியாக எழுதிக் கொடுத்தால் லண்டன் சங்கீதக் கல்லூரியில் இலவசமாக இடம் கிடைக்கும், இந்தப் பெண்ணை நாங்களே சொல்லி வைக்கிறோம் என்றார்கள். அதிகாரி ஐயாவைப் பார்த்து, "உங்களுக்குச் சம்மதம்தானே?" என்றார்.

ஐயா, "யெஸ் சார்" என்றார். ஒருமுறை இல்லை, மூன்று முறை.

அன்றைக்கே அவர் 'இல்லை' என்று சொல்லியிருக்கலாம். பெண் பிள்ளையைக் கடல் கடந்து அனுப்ப மாட்டேன், மேடையேற்ற மாட்டேன், பருத்தித்துறையில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். நான் அழுதிருப்பேன், கத்தியிருப்பேன், பட்டினி கிடந்திருப்பேன். நேருக்கு நேர் சண்டை போட்டிருப்பேன். ஆனால் மேலதிகாரி முன்னால் 'இல்லை' என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. "போகத்தானே போறாய், நல்லாப் பழகு பிள்ளை" என்றார்.

பரீட்சைக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கும்போது சரசுவதி பூசை வந்தது.

பூசை

ரயில்வேயில் ஆயுத பூசையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சிக்னல் கைப்பிடிகள், தண்டவாளம் மாற்றும் கட்டை, தந்திப் பெட்டி, தராசு, டிராலி என்று ஸ்டேஷனில் உள்ள அத்தனையையும் கழுவித் துடைத்து, எண்ணெய் விட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போடுவார்கள். முனியாண்டி அண்ணன்தான் தண்டவாளம் மாற்றுகிறவர். திருச்சிப் பக்கத்திலிருந்து தோட்டத்துக்கு வந்து, பிறகு ரயில்வேக்கு வந்தவர். வருடத்தில் அந்த ஒரு நாள் அவர் முகத்தில் வருகிற சிரிப்பு வேறு எந்த நாளிலும் வராது.

அந்த வருடம் பியானோவுக்கும் பூசை என்று ஐயா சொன்னார். அதற்கு முன் எந்த வருடமும் அப்படி இல்லை. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. குளித்துவிட்டு வந்தபோது பியானோவுக்குச் சந்தனப் பொட்டு வைத்தாயிற்று, சாமந்தி மாலையும் போட்டாயிற்று. மூடியைத் தொடப் போனேன்.

"தொடாதை பிள்ளை. பூசையில வைச்ச வாத்தியத்தை இண்டைக்கு வாசிக்கப்படாது. நாளைக்குக் காலமை எடு" என்றார் ஐயா.

வழக்கம் அதுதான். புத்தகத்தைக்கூட அன்று தொடமாட்டோம். அம்மா கடலை அவித்து எல்லோருக்கும் கொடுத்தாள். நான் நல்ல பிள்ளையாக ஒரு நாள் முழுவதும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு நாளை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என் கையால் மூடியைத் திறந்திருந்தால் துணியால் துடைத்தாவது எடுத்திருப்பேன். பூசை, பூசை என்று ஊறவிட்டேன்.

மறுநாள் காலை வாசிக்க உட்கார்ந்தேன். நடுவில் இரண்டு மூன்று சுரம் இறங்கியிருந்தது. மழைக்காலம்தானே என்று நினைத்தேன். மத்தியானம் பத்துச் சுரம். மூன்றாம் நாள் எந்தக் கட்டையைத் தொட்டாலும் ஊளை. மூடியைத் தூக்கிப் பார்த்தேன். வாடை முகத்தில் அடித்தது. சிக்னலுக்கு விடுகிற எண்ணெய்.

ஆ செங் சொன்னது

பியானோவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு தந்தியின் நுனியும் ஓர் இரும்பு முளையில் சுற்றியிருக்கும். வீணைக்குப் பிரடை இல்லையா, அந்த மாதிரி. இருநூற்றுக்கும் மேற்பட்ட முளைகள். ஒரு கெட்டிப் பலகையில் துளை போட்டு அவற்றை அடித்து இறக்கியிருப்பார்கள். திருகு இல்லை, பூட்டு இல்லை. மரம் இறுக்கிப் பிடித்திருக்கிற பிடிதான். அந்தப் பிடி விட்டால் முளை சுழலும், தந்தி தளரும், சுரம் இறங்கும்.

சனிக்கிழமை கிளேரா டீச்சரிடம் சொன்னதும் அவர் சுருதி சேர்க்கிற ஆ செங்கை மறு ரயிலில் அனுப்பிவைத்தார். ஆ செங் ஜொகூர் பாருக்காரர். மெலிந்த மனிதர், பேச்சு குறைவு. மூடியைத் தூக்கினார், குனிந்தார், மூக்கை முளைகளுக்குக் கிட்டே கொண்டுபோனார். நிமிர்ந்தபோது அவர் முகம் கறுத்திருந்தது.

"சியாப்பா தாரோ மினியாக்?" என்று மலாயில் கேட்டார். எண்ணெய் விட்டது யார்?

நான் முனியாண்டி அண்ணனைப் பார்த்தேன். அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஐயா அவருக்குப் பக்கத்தில் நின்றார். சந்தனம் வைத்தது முனியாண்டி அண்ணன், மாலை போட்டது அவர், எல்லா இயந்திரத்துக்கும் எண்ணெய் விட்டதும் அவர். வேறு யார்?

கத்தினேன். ஊர் கேட்கக் கத்தினேன். மடையன் என்றேன், மாடு என்றேன், என் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டாய் என்றேன். என் அப்பா வயதுள்ள மனிதர். அவர் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"விடு பிள்ளை, பக்தியில செய்தது. அறியாமச் செய்ததுக்கு அவனை ஏன் ஏசுறாய்?" என்றார் ஐயா. எவ்வளவு பெருந்தன்மை என்று நினைத்தேன்!

ஆ செங் ஒன்றிரண்டு முளைகளைத் திருகிப் பார்த்தார். "சூடா மாத்தி லா, நோனா" என்றார். செத்துப்போச்சு, அம்மா. பிறகு பையிலிருந்து சுண்ணக்கட்டியை எடுத்துப் பொடித்து, முளைகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்துத் தூளில் புரட்டி மறுபடி அடித்தார். அந்தப் பகல் முழுக்க அதே வேலை. புறப்படும்போது, இது அரை மணி நேரம்கூடத் தாங்காது என்று சொல்லி, முளை திருகுகிற சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதுதான் அவர் பிழைப்பு. அதை ஒரு பெண் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

டீச்சர் வீட்டில் பத்து நாள் தங்கிப் பழகுகிறேன் என்று கேட்டேன். "கண்டவையின்ரை வீட்டில குமர்ப்பிள்ளை தங்கிறதோ? கதையை விடு" என்றார் ஐயா. அம்மாவிடம் போனேன். அடுப்பை ஊதிக்கொண்டே, "ஐயா செய்தால் காரணம் இருக்கும்" என்றாள். தங்க வேண்டாம் என்று ஐயா சொன்னதைப் பற்றித்தான் அவள் பேசுகிறாள் என்று அப்போது நினைத்தேன்.

வலது கைக் கொப்புளம்

காலையில் சாவியை எடுத்து முளைகளைத் திருகுவேன். நடுப்பகுதியைச் சேர்த்து முடிக்கவே இரண்டு மணி நேரம். உடனே உட்கார்ந்து வாசிப்பேன். இருபது நிமிடத்தில் வலப்பக்கம் இறங்கும், பிறகு நடு. மறுபடி சாவி. உள்ளங்கையில் கொப்புளம் வந்து, உடைந்து, அதன்மேல் இன்னொன்று வந்தது. கட்டைகளில் நீர் ஒட்டும். துடைத்துவிட்டு வாசிப்பேன்.

ஐயா அலுவலகத்துக்குப் போகும்போது என்னைக் கடந்துதான் போக வேண்டும். "கை கவனம் பிள்ளை" என்பார்.

சிங்கப்பூரில் பரீட்சை நடந்த அறையில் இருந்த பியானோ தேவலோகத்துப் பியானோ. என் கைதான் அதற்கு லாயக்கில்லாமல் போயிருந்தது. வலது கையை விரித்தால் வலித்தது. வேகமான இடத்தில் இரண்டு முறை தடுக்கினேன். அதைவிடக் கேவலம், சரியாகச் சேர்ந்த சுரத்தைக் கேட்டு என் காது நம்ப மறுத்தது. இறங்கப் போகிறது, இறங்கப் போகிறது என்று ஒவ்வொரு கணமும் பயந்தேன். பயத்தோடு வாசித்தால் என்னவாகும் என்று வாசிப்பவர்களுக்குத் தெரியும்.

"நல்ல காது. விரல் தயாராக இல்லை. அடுத்த வருடம் கூட்டி வாருங்கள்" என்றார் பரீட்சகர், டீச்சரிடம். அந்த வருட இடம் வேறு யாருக்கோ போயிற்று. ரயிலில் திரும்பும்போது டீச்சர் என் கையைத் திருப்பிப் பார்த்தார். தன் கைக்குட்டையைச் சுற்றிவிட்டார்.

வீட்டில் ஐயா அன்று மிக அன்பாக இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடச் சொன்னார். பருத்தித்துறையிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் படத்தை அம்மா அடுத்த நாள் காட்டினாள்.

டிராலி

இதற்குப் பிறகு ஒரு மாதம் இருக்கலாம். பிளாட்பாரத்தின் கடைசியில் ஐயா கத்துகிற சத்தம் கேட்டு வெளியே வந்தேன். லைன் பார்க்கப் போகிற டிராலியின் பிரேக்கட்டையில் முனியாண்டி அண்ணன் எண்ணெய் சிந்திவிட்டார். அவர் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்க, ஐயா அவர் மூக்குக்கு நேரே விரலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"எண்ணெய் எங்க விடுறது, எங்க விடக்கூடாது எண்டு எத்தினை வருஷமாச் சொல்லித் தாறன்? சுத்துற இடத்தில விடு. பிடிக்கிற இடத்தில ஒரு துளி பட்டாலும் அது பிறகு சீவியத்துக்கும் பிடிக்காது. விளங்குதோ?"

எனக்கு விளங்கிற்று.

அங்கேயே நின்றேன். ஐயா அலுவலகத்துக்குள் போனதும் முனியாண்டி அண்ணனிடம் போனேன். அன்று கத்தியதற்குப் பிறகு நான் அவரோடு பேசவே இல்லை.

"அண்ணே, பியானோவுக்கு எண்ணெய் விட்டது நீங்களா?"

அவர் அலுவலகப் பக்கம் ஒருமுறை பார்த்தார். "நான் சந்தனந்தான் வச்சேன், பாப்பா. எண்ணெ மாஸ்டர் விட்டாங்க. நான் மூடியத் தூக்கிப் புடிச்சுக்கிட்டேன்."

"எல்லா முளைக்குமா?"

"எல்லாத்துக்கும் விடணுமா மாஸ்டர்னு கேட்டேன். ஒண்ணு விடாமன்னாங்க. கேன் மூக்க வச்சு ஒவ்வொண்ணா விட்டாங்க. ரொம்ப நேரம் ஆச்சு."

"நான் உங்களை அவ்வளவு திட்டினேனே. ஏன் சொல்லவில்லை?"

"மாஸ்டர் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தாங்களே, பாப்பா."

நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "அட, விடுங்க பாப்பா" என்று டிராலியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். அவர் மன்னித்துவிட்டார் என்றே இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன். அவர் மன்னித்திருக்கலாம், நான் என்னை மன்னிக்கவில்லை. ஐயா அவரைக் கேடயமாக நிறுத்தினார், நானும் பார்த்துப் பார்த்துக் கல்லெறிந்தேன்.

அலுவலகத்துக்குள் போனேன். ஐயா ரிஜிஸ்டரில் எழுதிக்கொண்டிருந்தார்.

"பியானோ முளை சுத்துற இடமோ, பிடிக்கிற இடமோ, ஐயா?" என்று கேட்டேன்.

பேனா நின்றது. தலை நிமிரவில்லை. "அது சரசுவதிக்குச் செய்த பூசை. அதில பிழை பிடியாதை, பிள்ளை."

"பிழை இல்லை, ஐயா. நீங்கள் வேலை தெரியாத ஆள் எண்டால் மன்னிச்சிருப்பன்."

அவர் மறுபடி எழுதத் தொடங்கினார். அவ்வளவுதான். ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால்கூட அவர்மேல் எனக்கு ஒரு மரியாதை வந்திருக்கும்.

மறுநாள் காலை ரயிலில் ஏறினேன். கையில் ஒரு துணி மூட்டை, ஆ செங்கின் சாவி. அம்மா வாசலுக்கு வரவில்லை. ரயிலை விட வேண்டியவர் ஐயா. அவர் நினைத்திருந்தால் நிறுத்தியிருக்கலாம். ஆனால் ரயிலை நிறுத்தினால் மேலே காரணம் எழுத வேண்டும். பச்சைக் கொடியைக் காட்டினார். ரயில் சரியான நேரத்துக்குப் புறப்பட்டது.

நடுவில் நடந்தவை

டீச்சர் வீட்டில் ஒரு வருடம். அடுத்த பரீட்சையில் இடம் கிடைத்தது. லண்டனைப் பற்றி முன்பே சில வாரம் எழுதிவிட்டேன், குளிரைப் பற்றி மறுபடி புலம்பவில்லை. பிறகு கொழும்பு, சென்னை, இரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஐந்தாறு வருடத்தில் எத்தனையோ மேடை.

எங்கும் இரண்டு வகை ஆட்கள். வெள்ளைக்காரப் பத்திரிகைக்காரர்கள் என்னை 'ரப்பர்க் காட்டுக் குயில்' என்று எழுதுவார்கள். குயில் பாடும். நான் வாயைத் திறந்ததே இல்லை. நம்மவர்கள் கச்சேரி முடிந்ததும் வந்து, "எல்லாம் சரி, ஒரு தேவாரம் இதில் வாசிக்க முடியுமா?" என்று கேட்பார்கள். மூன்று மணி நேரம் வியர்வை சொட்டச் சொட்ட வாசித்தது அவர்கள் கணக்கில் வராது.

எங்கே போனாலும் வாசிப்பதற்கு முன் மூடியைத் தூக்கி, குனிந்து, கண்ணை மூடி, முளைகளின் பக்கம் மூச்சை இழுப்பேன். ஆ செங் செய்த மாதிரியேதான். எண்ணெய் வாடை வருகிறதா என்று மோந்து பார்ப்பேன். அந்தக் கணத்தில் எனக்கு மறுபடி பதினைந்து வயது, உள்ளங்கை எரியும். வாடை இல்லை என்று தெரிந்த பிறகுதான் உட்காருவேன்.

ஜொகூர் பாரு மண்டபம்

முப்பதுகளின் நடுவில் ஜொகூர் பாருவில் கச்சேரி. மண்டபம் நிறைந்திருந்தது. முன் வரிசையில் ஐயா. வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு, தலைப்பாகை, மடியில் கைத்தடி. அம்மா போய்ச் சேர்ந்திருந்தாள். அவள் செத்த வீட்டில்கூட நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. யார் அவரை அழைத்தார்களோ, நான் அழைக்கவில்லை.

மேடைக்கு வந்தேன். மூடியைத் தூக்கினேன். குனிந்தேன்.

சபை அமைதியாயிற்று. யாரோ ஒருவர் கைகூப்பியிருக்கிறார். அதைப் பார்த்து இன்னொருவர். நான் நிமிர்ந்து திரும்பியபோது பாதி மண்டபம் கைகூப்பி நின்றது. நடுவில் ஐயாவும் எழுந்து நின்று கைகூப்பிக்கொண்டிருந்தார். நான் செய்வது என்ன என்று அந்த மண்டபத்தில் தெரிந்த ஒரே ஆள்.

அன்று எப்படி வாசித்தேன் என்று கேட்காதீர்கள். நன்றாக வாசித்தேன் என்கிறார்கள். எனக்குக் கோபம் மட்டும்தான் நினைவிருக்கிறது.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் கூட்டம். கழுத்தில் மாலை, மூச்சு முட்டுகிறது. இரண்டு எட்டு தள்ளி ஐயா. பத்திரிகைக்காரர் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு அவரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"வாத்தியத்தக் கும்புட்டாங்களே, அது யாரு சொல்லிக் குடுத்தது?"

ஐயா தொண்டையைக் கனைத்தார். "நான்தான் பழக்கினது. எங்கடை வீட்டில சரசுவதி பூசை எண்டால் பியானோவுக்கும் பூசைதான். என்ரை கையால செய்வன். சின்ன வயசிலேயே இவளுக்குப் பக்தி கூட."

மறுநாள் பத்திரிகையில், நான் குனிந்து நிற்கிற படத்தோடு, அது கொட்டை எழுத்தில் வந்தது. ஐயா அந்தப் பக்கத்தை வெட்டிச் சட்டம் போட்டார். கடைசிவரை அதைச் செத்துப்போன அந்தப் பியானோவின்மேல், பூச்சாடிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். பெக்கோக் வாசகரே, நீங்கள் பார்த்தது அந்தப் படம்தான்.

ஆனால் பத்திரிகையில் வராத ஒன்று இருக்கிறது. ஐயா சொல்லி முடித்ததும் நான் மாலையைக் கழற்றிவிட்டு அவர்களிடம் போனேன். பத்திரிகைக்காரரிடம், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "நான் கும்பிடவில்லை. யாராவது எண்ணெய் விட்டிருக்கிறார்களா என்று மோந்து பார்த்தேன்" என்றேன்.

பத்திரிகைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மாவுக்கு நல்ல வேடிக்கைப் பேச்சு என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

ஐயா மட்டும் சிரிக்கவில்லை.